ஒரே நிரல், மூன்று இயங்குதளங்கள்: எலக்ட்ரான் கொண்டு கணினிச் செயலி உருவாக்க முழுமையான வழிகாட்டி

இணையப் பக்கம் எழுதத் தெரிந்த ஒருவர், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் செயலியை எழுதிவிட முடியும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை கைவசம் இருந்தால் போதும். எலக்ட்ரான் என்ற கருவி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். முதல் சாளரத்தைத் திறந்து பார்க்க அரை மணி நேரம் ஆகாது.

ஆனால் அந்தச் சாளரத்தை நாலு பேர் நம்பிப் பயன்படுத்தும் செயலியாக மாற்றுவது வேறு வேலை. அந்த வேலையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் அதிகம் பேசுவதில்லை. போதாக்குறைக்கு, தேடினால் முதலில் வந்து நிற்கும் பாடங்களில் பல, 2018, 2019 காலத்தவை. அவற்றை வரிக்கு வரி பின்பற்றினால் செயலி ஓடும். கூடவே, பயன்படுத்துபவரின் கணினி முழுவதையும் வெளியாருக்குத் திறந்துவிட்டிருக்கும். அந்தத் தவறைப் புதிதாகக் கற்பவர்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கு ஒரு சிறிய செயலியை எடுத்துக்கொள்வோம். பெயர் 'குறிப்பேடு'. உரைக் கோப்பைத் திறக்கும், திருத்த விடும், சேமிக்கும், அதில் எத்தனை தமிழ் எழுத்துகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும். கேட்க எளிதாக இருக்கும். கணினிச் செயலி ஒன்றில் தெரிந்துகொள்ள வேண்டிய ஏறக்குறைய எல்லாமே இதற்குள் வந்துவிடும்.

நிரல் வரிகளை இங்கே கொடுக்கவில்லை. எலக்ட்ரானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் அவை எப்போதும் புதுப்பிக்கப்பட்ட நிலையில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் எதற்காக, எந்த இடத்தில் வர வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

எலக்ட்ரானுக்குள் என்ன இருக்கிறது

கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற நிரல் திருத்தியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 2013இல், அதற்கு அடித்தளமாகச் செங் ஜாவ் என்ற நிரலாளர் எழுதியது இது. முதல் பெயர் 'ஆட்டம் ஷெல்'. 2014இல் திறந்த மூலமாக வெளியானது. 2015 ஏப்ரலில் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. 2016 மே மாதம் 1.0 பதிப்பு வந்தது. எந்தத் திருத்திக்காக இது பிறந்ததோ, அந்த ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்காகப் பிறந்த எலக்ட்ரானோ இன்று விஎஸ் கோட், ஸ்லாக், டிஸ்கார்ட், சிக்னல், அப்சிடியன் ஆகியவற்றைத் தாங்கி நிற்கிறது.

உள்ளே இரண்டு பெரிய பாகங்கள். ஒன்று குரோமியம்: கூகுள் குரோம் உலாவியின் திறந்த மூல அடிப்படை. திரையில் காட்டுவது அதன் பொறுப்பு. இன்னொன்று நோட்.ஜேஎஸ்: கோப்புகளைப் படிக்க, எழுத, பிற நிரல்களை இயக்க வல்லது. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு செயலியோடும் இந்த இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. அதாவது, ஒரு முழு உலாவியை மூட்டை கட்டித்தான் அனுப்புகிறீர்கள்.

தொடங்கும் முன் ஒரு முடிவு

அந்த மூட்டைக்கு எடை உண்டு. ஒரே ஒரு வெற்றுச் சாளரம் உள்ள செயலியின் நிறுவல் கோப்புகூட 100 எம்பியை ஒட்டி வரும். நினைவகமும் ஓர் உலாவி கேட்கும் அளவுக்குக் கேட்கும். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் இது தெரியத்தான் செய்யும்.

எடை முக்கியம் என்றால் டௌரி என்ற கருவியைப் பாருங்கள். அது உலாவியை மூட்டை கட்டுவதில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் உலாவிப் பாகத்தையே பயன்படுத்திக்கொள்கிறது. விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகே வெப்வியூ, லினக்ஸில் வெப்கிட் ஜிடிகே. அதனால் செயலி சில எம்பிக்குள் அடங்கிவிடும். பின்புலத்தை ரஸ்ட் மொழியில் எழுத வேண்டும். 2022இல் 1.0, 2024 அக்டோபரில் 2.0 என்று வளர்ந்து நல்ல நிலைக்கு வந்துவிட்டது.

அப்படியிருந்தும் முதலில் எலக்ட்ரானைக் கற்கச் சொல்வேன். டௌரியில் மூன்று இயங்குதளங்களில் மூன்று வெவ்வேறு உலாவிப் பாகங்கள் உங்கள் பக்கத்தைக் காட்டுகின்றன. ஒன்றில் சரியாக நிற்கும் கட்டம் இன்னொன்றில் சற்று நகர்ந்து நிற்கும். எலக்ட்ரானில் மூன்றிலும் ஒரே குரோமியம். தமிழுக்கு இது பெரிய நன்மை. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் வந்து உட்காருவதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அமைப்புப் பொறி. குரோமியம் அதைத் தன்னோடே கொண்டுவருகிறது. எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து ஒரே மாதிரி கோக்கப்படும்.

படி 1: முன் ஏற்பாடு

நோட்.ஜேஎஸ் தளத்திலிருந்து நீண்ட கால ஆதரவுப் பதிப்பை நிறுவுங்கள். அதோடு, நிரல் தொகுப்புகளை நிறுவித் தரும் என்பிஎம் தானாக வந்துவிடும். ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கி, முனையத்தில் அதற்குள் சென்று, என்பிஎம் மூலம் புதிய திட்டத்தைத் தொடங்குங்கள். பேக்கேஜ்.ஜேசன் என்ற கோப்பு உருவாகும். பிறகு எலக்ட்ரானை வளர்ச்சிச் சார்பு (உருவாக்கும்போது மட்டும் தேவைப்படும் தொகுப்பு) என்ற வகையில் சேர்க்க வேண்டும். சாதாரணச் சார்பாகச் சேர்த்துவிட்டால் பின்னால் பொதி கட்டும்போது தொந்தரவு வரும்.

எலக்ட்ரான் ஃபோர்ஜ் என்ற அதிகாரபூர்வக் கருவி, ஒரே கட்டளையில் இவை எல்லாவற்றையும் செய்து தரும். ஆனாலும் முதல் முறை கையாலேயே செய்து பாருங்கள். எந்தக் கோப்பு எதற்கு என்று கைக்குத் தெரிந்த பிறகு ஃபோர்ஜுக்குப் போகலாம்.

படி 2: முதல் சாளரம்

மூன்று கோப்புகள் வேண்டும். மெயின்.ஜேஎஸ், பிரீலோட்.ஜேஎஸ், இன்டெக்ஸ்.எச்டிஎம்எல். பேக்கேஜ்.ஜேசனில் 'மெயின்' என்ற இடத்தில் முதல் கோப்பின் பெயரைக் குறிப்பிட்டால், எலக்ட்ரான் அங்கிருந்து தொடங்கும்.

மெயின்.ஜேஎஸ் கோப்பில், செயலி தயாராகும் வரை காத்திருந்து, பிறகு பிரௌசர்விண்டோ என்ற வகையில் ஒரு சாளரத்தை உருவாக்கி, அதில் எச்டிஎம்எல் கோப்பை ஏற்றச் சொல்கிறோம். காத்திருக்காமல் உருவாக்கினால் பிழை வரும்.

சாளரம் திறக்கும்போது ஒரு நொடி வெள்ளையாகப் பளிச்சிடுவதைப் பார்ப்பீர்கள். சாளரம் வந்துவிட்டது, பக்கம் வரவில்லை என்று பொருள். சாளரத்தை முதலில் மறைவாக உருவாக்கி, 'ரெடி டு ஷோ' என்ற நிகழ்வு வந்ததும் காட்டினால் அது போய்விடும். சின்ன விஷயம்தான், செயலி கைத்தேர்ந்ததாகத் தோன்றுவது இப்படிப்பட்டவற்றால்தான்.

மேக் கணினியில் சாளரத்தை மூடினாலும் செயலி மூடப்படுவதில்லை. கீழே உள்ள பட்டியில் அதன் படத்தை மறுபடி அழுத்தினால் சாளரம் திரும்ப வர வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் கடைசிச் சாளரம் மூடினால் செயலியும் முடிந்துவிட வேண்டும். 'எல்லாச் சாளரங்களும் மூடப்பட்டன' என்ற நிகழ்வில் இயங்குதளம் எது என்று பார்த்து, அதற்கேற்ப நடக்கும்படி எழுதுங்கள்.

படி 3: திண்ணையும் உள்வீடும்

எலக்ட்ரானில் இந்த ஒரு படியைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தானாகப் புரியும். அவசரப்படாமல் படியுங்கள்.

உங்கள் செயலி ஒரே நிரலாக ஓடுவதில்லை. மெயின் பிராசஸ் என்று ஒன்று. அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கோப்பு, மெனு, சாளரம், இயங்குதளம் எல்லாவற்றின் மேலும் அதற்கு அதிகாரம் உண்டு. ஒவ்வொரு சாளரத்துக்குள்ளும் ஓடும் இணையப் பக்கம் ரெண்டரர் பிராசஸ் எனப்படும். அது வெறும் இணையப் பக்கம். அவ்வளவு அதிகாரம்தான் அதற்கு இருக்க வேண்டும்.

பழைய வீடுகளில் வந்தவர் திண்ணையில் உட்காருவார். தண்ணீர் வேண்டும் என்றால் கேட்பார். வீட்டுக்காரர் உள்ளே போய்க் கொண்டுவந்து தருவார். வந்தவரே அடுக்களைக்குள் நுழைவதில்லை. ரெண்டரர் திண்ணை. மெயின் உள்வீடு. இரண்டுக்கும் நடுவே உள்ள வாசல்தான் பிரீலோட் கோப்பு.

பழைய பாடங்கள் இந்த வாசலைப் பெயர்த்து எடுத்துவிடுகின்றன. பக்கத்துக்கு நோட்.ஜேஎஸ் அதிகாரம் தரும் நோட் இன்டக்ரேஷன் என்ற அமைப்பை இயக்கி, பக்கத்தின் நிரலையும் பிரீலோட் நிரலையும் தனித்தனியே வைக்கும் காண்டெக்ஸ்ட் ஐசொலேஷன் என்பதை அணைத்துவிடச் சொல்வார்கள். அப்போது இணையப் பக்கத்திலிருந்தே நேராகக் கோப்புகளைப் படிக்கலாம், எழுதுவது சுலபம். அதன் விலை என்ன என்று பாருங்கள். நாளை உங்கள் குறிப்பேட்டில் மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) முன்தோற்றம் சேர்க்கிறீர்கள். யாரோ அனுப்பிய ஒரு குறிப்புக் கோப்பைப் பயனர் திறக்கிறார். அதற்குள் ஒரு படக் குறி இருக்கிறது. படத்தின் முகவரி வேண்டுமென்றே தவறானது. படம் கிடைக்காவிட்டால் இயங்க வேண்டிய நிரல் என்று ஒரு வரி அதோடு ஒட்டியிருக்கிறது. முன்தோற்றத்தை இன்னர் எச்டிஎம்எல் வழியாகக் காட்டினால் அந்த வரி இயங்கும். நோட் அதிகாரம் பக்கத்திடம் இருந்தால், அந்த ஒரு வரி பயனரின் கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பிவிடும். ஓர் உரைக் கோப்பைத் திறந்ததுதான் அவர் செய்த ஒரே செயல்.

எலக்ட்ரான் குழுவினர் இதை உணர்ந்து படிப்படியாக வாசலைப் பலப்படுத்தினார்கள். 2019இல் 5ஆம் பதிப்பிலிருந்து நோட் இன்டக்ரேஷன் தானாகவே அணைந்திருக்கிறது. 2021இல் 12ஆம் பதிப்பிலிருந்து காண்டெக்ஸ்ட் ஐசொலேஷன் தானாகவே இயங்குகிறது. 2022இல் 20ஆம் பதிப்பிலிருந்து ரெண்டரர்கள் சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலிக்குள் அடைக்கப்பட்டே ஓடுகின்றன. மெயினில் உள்ளவற்றைப் பக்கத்திலிருந்தே நேரடியாக அழைக்க உதவிய 'ரிமோட்' என்ற பகுதி 14ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இந்த இயல்பான அமைப்புகளில் ஒன்றையும் மாற்றாதீர்கள். மாற்றச் சொல்லும் பாடத்தைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

சரி, வாசலை எப்படி அமைப்பது? பிரீலோட் கோப்பில் காண்டெக்ஸ்ட்பிரிட்ஜ் வழியாக, பக்கத்துக்குத் தேவையான செயல்களை மட்டும் பெயர் சொல்லி வெளியிடுகிறோம். குறிப்பேட்டுக்கு மூன்றே போதும்: திற, சேமி, மாற்றம் இருக்கிறது என்று அறிவி. ஒவ்வொன்றும் ஐபிசி ரெண்டரர் என்ற செய்தித் தூதுவர் வழியாக மெயினுக்குச் செய்தி அனுப்பும். மெயினில் ஐபிசி மெயின், அதே பெயருள்ள செய்திக்காகக் காத்திருந்து, வேலையை முடித்து, விடை தரும். அழைக்கும் இடத்தில் 'இன்வோக்', விடை தரும் இடத்தில் 'ஹேண்டில்' என்ற இணையைப் பயன்படுத்துங்கள். விடை வரும் வரை அவெய்ட் போட்டுக் காத்திருக்கலாம், சாளரம் உறையாது.

ஐபிசி ரெண்டரரை முழுதாகப் பக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது வாசல் சாவியையே கொடுப்பது போல.

இங்கே ஒரு மகிழ்ச்சியான செய்தி. செய்திகளின் பெயர் எந்த எழுத்திலும் இருக்கலாம். 'கோப்பு-திற', 'கோப்பு-சேமி' என்று தமிழிலேயே வைத்தாலும் ஓடும். ஜாவாஸ்கிரிப்ட் மாறிகளுக்கும் செயல்களுக்கும்கூடத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். யூனிகோடு எழுத்துகளை அந்த மொழி ஏற்கிறது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இது எவ்வளவு உதவுகிறது என்பதைச் செய்துபார்த்தால்தான் தெரியும்.

படி 4: கோப்பைத் திறப்பது

பயனர் 'திற' பொத்தானை அழுத்துகிறார். பக்கம் வாசலில் கேட்கிறது. மெயின், இயங்குதளத்தின் கோப்புத் தேர்வுப் பெட்டியைக் காட்டுகிறது. பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமல் மூடிவிட்டால் வெற்று விடை போக வேண்டும். இதை மறந்தால் முதல் பிழைச் செய்தி இங்கேதான் வரும்.

தேர்ந்தெடுத்த கோப்பின் பாதையை மெயின் தன்னிடமே நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பக்கத்துக்குக் கோப்பின் பெயரும் உரையும் மட்டும் போதும். பிறகு சேமிக்கும்போது பக்கம் உரையை மட்டும் அனுப்பும். எந்த இடத்தில் எழுதுவது என்பது மெயினுக்குத் தெரியும். பாதையைப் பக்கம் அனுப்பும்படி எழுதினால், பக்கம் என்றாவது கெட்டுப்போகும் நாளில் கணினியின் எந்தக் கோப்பின் மேலும் அது எழுதச் சொல்ல முடியும்.

அடுத்து உரையின் குறியீடு. இது தமிழ்க் கோப்புகளைக் கையாள்பவர்கள் எல்லோரும் இடறும் இடம். விண்டோஸின் நோட்பேட் 2019 வரை, யூடிஎஃப்-8 (யூனிகோடு உரையைக் கோப்பில் எழுதும் முறை) என்று சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்தது. நோட்.ஜேஎஸ் கோப்பைப் படிக்கும்போது அதை நீக்குவதில்லை. முதல் வரியைத் தேடினால் கிடைக்காது, எழுத்து எண்ணிக்கையில் ஒன்று கூடும், காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

இன்னொரு சிக்கல், யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள். டிஸ்கி என்ற பழைய குறியீட்டிலோ, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப் குறியீட்டிலோ இருக்கும் உரையை யூடிஎஃப்-8 என்று எண்ணிப் படித்தால் கேள்விக்குறிக் கட்டங்களாக வரும். அதைப் பயனர் கவனிக்காமல் சேமித்துவிட்டால் மூல உரை அழிந்தது அழிந்ததுதான்.

இரண்டுக்கும் ஒரே கல்லில் அடி: கோப்பை முதலில் பைட்டுகளாகப் படித்து, டெக்ஸ்ட்டிகோடர் வழியாகக் கண்டிப்பு நிலையில் உரையாக்குங்கள். தொடக்கக் குறியை அது தானே நீக்கிவிடும். உரை யூடிஎஃப்-8 இல்லை என்றால் பிழை எறியும். அந்தப் பிழையைப் பிடித்து, 'இந்தக் கோப்பு யூனிகோடில் இல்லை' என்று பயனரிடம் சொல்லித் திறக்காமல் விட்டுவிடுங்கள். பாமினி எழுத்துரு முறையில் தட்டிய கோப்பு மட்டும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதன் உள்ளே இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகள். திரையில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், ஆனால் சேமித்தாலும் எதுவும் கெடாது.

படி 5: எழுத்தை எண்ணுவது

'அம்மா' என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை அ, ம், மா என்று விரல் மடக்கி மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டிடம் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. அகரம் ஒன்று, மகரம் ஒன்று, புள்ளி ஒன்று, இன்னொரு மகரம், அதன் கால் என்று யூனிகோடு குறிகளை அது எண்ணுகிறது.

இன்டல்.செக்மென்டர் என்ற வசதி குரோமியத்தில் 2020 முதல் இருக்கிறது. எழுத்து என்ற அளவில் பிரிக்கச் சொன்னால் 'அம்மா'வை மூன்றாகத் தருகிறது. வெற்றிடங்களையும் நிறுத்தற்குறிகளையும் கழித்துவிட்டு, தமிழ் எழுத்தில் தொடங்கும் துண்டுகளை மட்டும் எண்ணினால் குழந்தையின் விடை கிடைக்கும். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை மட்டும் இரண்டாகப் பிரிக்கும். அவற்றை ஒன்றாக எண்ண வேண்டும் என்றால் நீங்கள் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'கொடி' என்ற சொல்லைக் கோப்பில் தேடுகிறீர்கள். கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை என்கிறது செயலி. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறி என்று இரண்டு குறிகளாக ஒரு விதம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறிகளாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடுவதற்கு முன் தேடும் சொல்லையும் உரையையும் நார்மலைஸ் என்ற செயலால் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஔகாரத்தில் சிறகுக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டிவிடும் பழக்கத்தை மட்டும் இது சரிசெய்யாது, அது எழுத்துப்பிழை.

தேடலுக்கும் எண்ணிக்கைக்கும் மட்டும் இப்படிச் செய்யுங்கள். கேட்காமல் பயனரின் கோப்பையே மாற்றி எழுதுவது சரியில்லை என்பது என் கருத்து.

படி 6: சேமிப்பது

நேரடியாகப் பழைய கோப்பின் மேல் எழுதாதீர்கள். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றி உண்மைக் கோப்பின் இடத்தில் வையுங்கள். தற்காலிகக் கோப்பு வேறு வட்டில் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. அதனால்தான் அதே கோப்புறை.

வரி முடிவையும் கவனியுங்கள். விண்டோஸ் கோப்புகளில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், மற்றவற்றில் ஒன்று. பக்கத்தில் உள்ள டெக்ஸ்ட்ஏரியா என்ற உரைப் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுகிறது. திறக்கும்போது எது இருந்தது என்று மெயின் நினைவில் வைத்து, சேமிக்கும்போது அதையே திருப்பி வைக்க வேண்டும்.

சேமிக்காத மாற்றம் இருக்கும்போது சாளரத்தை மூடினால், மூடும் நிகழ்வைத் தடுத்து, சேமிக்கவா என்று கேளுங்கள். அதற்காகத்தான் வாசலில் மூன்றாவது செயலை வைத்தோம்.

படி 7: செயலியின் சொந்தத் தரவு

எழுத்து அளவு, கடைசியாகத் திறந்த கோப்புகள் போன்றவற்றை எங்கே வைப்பது? என் முதல் செயலியில் அவற்றை நிரலுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பில் வைத்திருந்தேன். என் கணினியில் நன்றாக ஓடியது. பயன்படுத்திய நண்பருக்குப் புதிய பதிப்பை அனுப்பிய அன்று, அவர் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்த அமைப்புகள் அனைத்தும் போய்விட்டன. புதிய பதிப்பு புதிய கோப்புறைக்குள் நிறுவப்பட்டிருந்தது. பழைய கோப்புறை அழிக்கப்பட்டிருந்தது.

மெயினில் கெட்பாத் என்ற செயலிடம் 'யூசர்டேட்டா' என்று கேட்டால், அந்தந்த இயங்குதளம் இதற்கென்று ஒதுக்கியிருக்கும் இடத்தைச் சொல்லும். விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள், மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட்டில், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் கான்ஃபிக்கில். பதிப்பு மாறினாலும் அந்த இடம் மாறாது. பாதைகளைச் சாய்கோடு போட்டு நீங்களே ஒட்டாதீர்கள், நோட்.ஜேஎஸ்ஸின் பாத் நூலகம் அதைச் சரியாகச் செய்யும். கோப்புப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்தில் வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது.

படி 8: எழுத்துரு, விசைப்பலகை, மெனு

எழுத்தைக் கோக்கும் முறை எங்கும் ஒன்று என்றேன்; எழுத்துரு அப்படி இல்லை. விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் பெரும்பாலும் லோகித் அல்லது நோட்டோ. ஒவ்வொன்றின் அகலமும் உயரமும் வேறு. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். அதன் உரிமம் அதை அனுமதிக்கிறது. வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கொக்கிகளும் சுழிகளும் மேல்வரியோடு மோதாது.

தமிழ் தட்டச்சு செய்பவர் உள்ளீட்டு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தும்போது, அவர் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் இடைவேளையிலும் விசை நிகழ்வுகள் வரும். என்டர் விசைக்கு நீங்கள் ஏதாவது வேலை வைத்திருந்தால், 'இஸ் கம்போசிங்' உண்மையா என்று பார்த்து, உண்மையாக இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மெனுவை நீங்களே தமிழில் அமைக்கலாம், அமைக்கவும் வேண்டும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 'கோப்பு' மெனுவை மட்டும் எழுதிவிட்டு 'திருத்து' மெனுவை விட்டுவிட்டால், மேக்கில் நகலெடுப்பதற்கும் ஒட்டுவதற்குமான விசைகளே வேலை செய்யாது. அங்கே அந்த விசைகள் மெனு வழியாகத்தான் பக்கத்தை அடைகின்றன. ஆயத்தமாக உள்ள 'ரோல்' வகைகளைக் கொண்டு வெட்டு, நகலெடு, ஒட்டு, செயல்தவிர் நான்கையும் சேர்த்துவிடுங்கள். பெயர் மட்டும் உங்களுடையது.

படி 9: பொதி கட்டி வெளியிடுவது

இப்போது எலக்ட்ரான் ஃபோர்ஜைச் சேர்க்கலாம். இருக்கும் திட்டத்தை உள்வாங்கிக்கொள்ள அதில் தனிக் கட்டளை உண்டு. விண்டோஸுக்கு நிறுவி, மேக்குக்கு டிஎம்ஜி, லினக்ஸுக்கு டெப், ஆர்பிஎம் என்று அந்தந்த வடிவில் அது கட்டித் தரும். ஒவ்வொரு பொதியையும் அந்தந்த இயங்குதளத்திலேயே கட்டுவது நல்லது. மூன்று கணினிகள் இல்லாதவர்களுக்கு, கிட்ஹப்பின் கணினிகளிலேயே பொதி கட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் உதவும்; மூன்று இயங்குதளங்களும் அங்கே கிடைக்கின்றன.

பிறகு கையொப்பம், அதாவது செயலி உங்களிடமிருந்துதான் வந்தது என்பதற்கான மின்னணுச் சான்று. கையொப்பம் இல்லாத செயலியை விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் அச்சுறுத்தும் எச்சரிக்கையோடு தடுக்கும். மேக்கில் ஆப்பிள் உருவாக்குநர் திட்டத்தில் ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, செயலியைக் கையொப்பமிட்டு, ஆப்பிளிடம் அனுப்பிச் சரிபார்த்து (நோட்டரைஸ் செய்து) வாங்க வேண்டும். விண்டோஸ் சான்றிதழ்களின் சாவியை 2023 ஜூன் முதல் பாதுகாப்பு வன்பொருளில்தான் வைத்திருக்க முடியும் என்பதால் அங்கும் செலவு கூடியிருக்கிறது. தனி ஆளாகச் செய்பவருக்கு இது பெரிய தொகைதான். நண்பர் வட்டத்துக்குள் பயன்படுத்தும் வரை இல்லாமல் சமாளிக்கலாம். முகம் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும்போது கையொப்பம் இல்லாமல் கொடுக்காதீர்கள். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் 'சரி' அழுத்தப் பயனரைப் பழக்குவது அவருக்குச் செய்யும் கெடுதல்.

வெளியிடும் முன், பொதியை ஒரு பழைய கணினியில், நோட்.ஜேஎஸ்ஸே இல்லாத கணினியில் நிறுவிப் பாருங்கள். கோப்புறைப் பெயரில் தமிழும் வெற்றிடமும் இருக்கும் இடத்திலிருந்து ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்துப் பாருங்கள்.

படி 10: புதுப்பித்தல்

குரோமியத்தை மூட்டை கட்டி அனுப்பியவர், அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கவும் கடமைப்பட்டவர். 2021 முதல் எலக்ட்ரான் எட்டு வாரத்துக்கு ஒரு முறை புதிய முதன்மைப் பதிப்பை வெளியிடுகிறது. கடைசி மூன்று முதன்மைப் பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் வரும். கணக்குப் போட்டால், நீங்கள் ஆறு மாதம் தூங்கிவிட்டால் உங்கள் செயலிக்குள் இருக்கும் உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காது.

ஆட்டோஅப்டேட்டர் என்ற பகுதி விண்டோஸிலும் மேக்கிலும் புதிய பதிப்பைத் தானே கொண்டுவந்து நிறுவும். மேக்கில் அதற்குக் கையொப்பம் கட்டாயம். லினக்ஸில் இந்தப் பகுதி வேலை செய்யாது; அங்கே பொதி மேலாளரின் வழியே போக வேண்டும். உங்கள் நிரல் கிட்ஹப்பில் திறந்த மூலமாக இருந்தால், எலக்ட்ரான் குழுவினர் இதற்கென்று நடத்தும் இலவச புதுப்பிப்புச் சேவையைப் பயன்படுத்தலாம். இதை முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். முதல் பதிப்பில் இல்லாவிட்டால், அதை நிறுவியவர்களிடம் இரண்டாம் பதிப்பைக் கொண்டுசேர்க்க வழியே இருக்காது.

எட்டு வாரத்துக்கு ஒரு நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று எலக்ட்ரானின் 'முறிக்கும் மாற்றங்கள்' பக்கத்தைப் படித்து, பதிப்பை உயர்த்தி, கோப்பைத் திறப்பது, 'அம்மா'வை எண்ணுவது, சேமிப்பது, மேக்கில் ஒட்டுவது ஆகிய நான்கையும் மூன்று இயங்குதளங்களிலும் சோதித்து, கையொப்பமிட்டு அனுப்பிவிடுங்கள். குறிப்பேடு அளவுள்ள செயலிக்கு இது ஒரு மாலைப்பொழுது வேலை.